பழைய கித்தாரின் வயதறிதல்

ஒரு பொருள் பழையதென்று கேட்டமாத்திரத்தே அதற்கு விலை ஏறுதலும், புகழ்பெற்றார் ஒருவர் கையில் இருந்ததென்று கேட்டமாத்திரத்தே அவ்விலை பன்மடங்காதலும் உலகியல்பு. 2004-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் நியூயார்க்கு நகரில், கிறிஸ்டீஸ் ஏல நிலையத்தார், எரிக் கிளாப்டன் என்னும் ஆங்கில இசைவாணரின் கரிய மின்சாரக் கித்தார் ஒன்றை ஏலமிட்டனர். 'பிளாக்கி' எனச் செல்லப்பெயர் பூண்ட அக்கருவி 9,59,500 டாலருக்கு விலைபோயிற்று. அத்தொகை, போதைப் பழக்கத்தினின்று மக்களை மீட்டற்கென அவர் ஆண்டிகுவாத் தீவில் நிறுவிய நிலையத்திற்கு உதவிற்று. இக்கித்தார் எந்த ஆண்டினது என்று ஒருவர் வினவின், விடையிறுத்தல் எளிதன்று. அதன் காரணத்தை ஆராயின், பழம்பொருளை மதிக்குமாறு யாதென்பதும் ஒருவாறு விளங்கும்.

பிளாக்கி, கலிபோர்னியா நாட்டுப் பெண்டர் தொழிற்சாலையார் 1954-இல் முதன்முதல் விற்பனைக்குக் கொணர்ந்த 'ஸ்டிராட்டோகாஸ்டர்' என்னும் வகையினது. அவ்வகைக் கருவியின் பின்புறத்தே, கழுத்தையும் உடலையும் திருகாணிகளாற் பிணிக்கும் உலோகத் தகட்டில் ஓர் எண் பொறிக்கப்பட்டிருக்கும். பலரும் அவ்வெண் ஒன்றையே நம்பி வயது கூறிவிடுவர். அது பிழை. தொழிலாளர் தகடுகளை வரிசைப்படி எடுத்துப் பொருத்தினாரல்லர். ஆதலின் அவ்வெண் ஏறக்குறையக் காலம் காட்டுமேயன்றி ஆண்டினை அறுதியிடாது. தேர்ந்த ஆராய்ச்சியாளர் திருகாணிகளைக் கழற்றிக் கழுத்தின் அடிப்பாகத்தைப் பார்ப்பர். ஐம்பதுகளில் ஆங்கே திங்களும் ஆண்டும் பென்சிலால் எழுதப்பட்டன. பின்னர், ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் பயன்படும் திருகுகளின் அடியில் உள்ள மின்தடைகளை நோக்குவர். ஒன்றில் 304632 என்றிருப்பின், 304 என்பது ஸ்டாக்போல் என்னும் உற்பத்தியாளரையும், 6 என்பது ஆண்டின் கடைசி எண்ணையும், 32 என்பது வாரத்தையும் குறிக்கும். கருவியின் ஏனைய உறுப்புகள் ஐம்பதுகளுக்குரியனவாயின், அம்மின்தடை 1956-ஆம் ஆண்டு 32-ஆம் வாரத்திற் செய்யப்பட்டதாம்.

எனினும் அஃது உறுப்புப் பிறந்த காலமேயன்றிக் கருவி பிறந்த காலமன்று. பெண்டர் தொழிற்சாலையார் 1966-இல் மின்தடைகளைப் பெருந்தொகையாக வாங்கிச் சில ஆண்டுகள் வரை பயன்படுத்தினர். ஆதலின் 1969-இல் முடிந்த கருவியிலும் 1966-ஆம் ஆண்டுக் குறி காணப்படுதல் உண்டு. 'இதற்கு முந்தியதன்று' என்பதே அக்குறி கூறும் உண்மை. ஏட்டுச்சுவடியின் இறுதியில் உள்ள ஆண்டு, அவ்வேடு பெயர்த்தெழுதிய ஆண்டேயன்றி நூல் இயற்றிய ஆண்டன்று என எம் ஆசிரியர்கள் எமக்குப் பலகாலும் அறிவுறுத்துவதும் இதுவே யன்றோ?

இனிப் பிளாக்கிக்கு வருவோம். கிளாப்டன் 1970-இல் நாஷ்வில் நகரத்துக் கடையொன்றில் பழைய ஸ்டிராட்டோகாஸ்டர்கள் பலவற்றைக் குறைந்த விலைக்கு வாங்கினார். சிலவற்றை நண்பர்க்கு ஈந்து, எஞ்சிய மூன்றன் சிறந்த உறுப்புகளைத் தேர்ந்து ஒரு கருவியாக்கினார். அவ்வுறுப்புகள் 1956, 1957 ஆகிய ஆண்டுகளுக்குரியன; ஆயின் பிளாக்கி என்னும் கருவியோ 1970-க்கு முன் உலகில் இருந்ததன்று! வணிகர் சிலர், தொழிற்சாலையினின்று வந்தபடியே ஒரு திருகாணியும் மாறாத கருவியே உயர்ந்ததென்பர். அவ்வளவுகோலால் அளப்பின் பிளாக்கி வெறுங் கலப்புப் பொருளாய் முடியும். தொழில்முறை இசைவாணர் கைப்பட்ட கருவிக்கு அவ்வளவுகோல் பொருந்தாதென்பது எம் கருத்து. நாடோறும் உழைக்குங் கருவியில் மெட்டுக்கம்பிகள் தேயும், மின்தடைகள் கரகரக்கும். அவற்றை மாற்றாது வைத்திருப்பவர் வாசித்தவரல்லர், பெட்டியிற் பூட்டிவைத்தவரே.

'அங்ஙனமாயின், எவரும் சில உறுப்புகளைச் சேர்த்துப் பெரியார் ஒருவர் கருவியென விற்கலாமே' எனச் சிலர் தடை நிகழ்த்துவர். தடை நியாயமானதே. தேய்வும் தழும்பும் மட்டுமே சான்றாகா. 2006-இல் பெண்டர் தொழிற்சாலையாரே பிளாக்கியின் தேய்வுகளையும் உடன்படியெடுத்து 275 கருவிகள் செய்து வெளிப்படையாக விற்றனர். அத்தகைய கைத்திறன் வஞ்சகர்க்கும் எட்டக்கூடியதே. ஆகவே சான்றுகள் ஒன்றையொன்று தாங்கவேண்டும். பழைய நிழற்படங்களில் தோன்றும் மரரேகை கைக்கருவியின் ரேகையோடு ஒத்தல் வேண்டும். புறஊதா ஒளியிற் பார்க்குங்கால் பிற்காலத்து வார்னிஷ் வேறாய்த் தோன்றுகிறதா என நோக்கவேண்டும். ஈயப் பற்றுகள் கலைக்கப்பட்டனவா என ஆராயவேண்டும். கருவி எவர் கையினின்று எவர் கைக்குச் சென்றதென்னும் வரலாறு இடையறாதிருத்தல் வேண்டும். உறுப்பை மாற்றுதல் குற்றமன்று. மாற்றியதை மறைத்தலே குற்றம்.

இது பேரிசைவாணர்க்கு மட்டும் உரியதன்று. பெயர் வெளிவராது மேடைதோறும் வாசித்து மறைந்த கலைஞர் பலர். அன்னார் கருவி மக்கள் கைக்கு வருங்கால், அழுக்கென்று எண்ணித் தேய்த்து மெருகிடுதலும், புது வண்ணம் பூசுதலும், பழைய உறுப்பை எறிதலும் நிகழ்கின்றன. அன்பினாற் செய்யினும் அஃது அழிவே. வண்ணம் புதுக்கிய கருவிக்கு விலை பெரிதும் குறையும். விலையினும் பெரிதாகிய சான்றும் ஒழியும். மாற்றப்பட்ட மின்தடையையும் ஓர் உறையிலிட்டு, மாற்றிய ஆண்டை எழுதிக் கருவியோடு வைத்தல் எத்துணை எளிது! கருவி பிறந்த ஆண்டை அறிய விரும்புவோர், அது வாழ்ந்த ஆண்டுகளையும் அழியாது காப்பாராக.