ஏழு மார்க்கில் போன டாக்டர் பட்டம்... அக்கா மூன்றாவது முறை என்ன மாற்றினாள்?

தை மாதக் கடைசியில் எங்கள் மாமா வீட்டுக் கல்யாணம். பெரியம்மா மகள் வரவில்லை. "தலைவலி" என்றார் பெரியம்மா. உண்மைக் காரணம் எனக்குத் தெரியும். பந்தியில் யாராவது "டாக்டரம்மா, எந்த ஆஸ்பத்திரியில இருக்கீங்க?" என்று கேட்டுவிடுவார்கள்.

அக்கா ஜார்ஜியாவில் ஆறு வருடம் மருத்துவம் படித்து வந்தவள். கையில் பட்டம் இருக்கிறது. ஆனால், இங்கே ஊசி போடக்கூட உரிமை இல்லை. அதற்கு எஃப்.எம்.ஜி.இ என்ற தகுதித்தேர்வைத் தாண்ட வேண்டும். 2002 முதல் நடக்கும் தேர்வு இது. தேசியத் தேர்வு வாரியம் வருடத்துக்கு இருமுறை நடத்துகிறது. 300 கேள்விகள், 150 எடுத்தால் பாஸ். அக்கா அந்த முறை எடுத்தது 143. அது இரண்டாவது முயற்சி.

கேட்க எளிதாகத்தான் இருக்கிறது, பாதி மார்க் போதுமே என்று. ஆனால், 2025 ஜூன் தேர்வில் எழுதியவர்களில் ஐந்தில் ஒருவர்கூடத் தேறவில்லை. உங்கள் வீட்டிலோ, பக்கத்து வீட்டிலோ இப்படி ஒருவர் இருக்கலாம். அவர்களுக்காகத்தான் இந்த வாரப் பகுதி.

எங்கே தப்பு நடந்தது?

கல்யாணம் முடிந்த மறுநாள் அக்காவைப் பார்க்கப் போனேன். மேஜையில் அனாடமி புத்தகம். நாலு கலரில் கோடு போட்டு, ஓரமெல்லாம் குறிப்பு எழுதி, அழகாக இருந்தது. சமூக மருத்துவப் புத்தகமோ வாங்கியபடியே புத்தம் புதிதாக இருந்தது.

தேர்வுக்கான தகவல் கையேட்டிலேயே எந்தப் பாடத்தில் சுமாராக எத்தனை கேள்வி என்று போட்டிருக்கிறார்கள். இருவரும் அதை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டோம்.

பொது மருத்துவம் 33. அறுவை சிகிச்சை 32. மகப்பேறு 30. சமூக மருத்துவம் 30. பேத்தாலஜி, பார்மகாலஜி, மைக்ரோபயாலஜி தலா 13. இந்த ஏழு பாடங்களைக் கூட்டினால் 164. அக்கா ஐந்து மாதத்தில் இரண்டு மாதத்தைக் கொடுத்த அனாடமி, பிசியாலஜி, பயோகெமிஸ்ட்ரி மூன்றும் சேர்ந்தே 51தான்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். அப்புறம் சொன்னாள், "எனக்கு நல்லா வர்றதையே படிச்சுக்கிட்டிருந்திருக்கேன்டி. படிச்ச திருப்தி கிடைச்சுது, மார்க் கிடைக்கல."

20 வாரம், மூன்று பங்கு

அடுத்த தேர்வுக்குச் சுமார் 20 வாரம் இருந்தது. அதை இப்படிப் பிரித்தாள்.

முதல் 12 வாரம்: ஒரு சுற்று முழுப் பாடம். இதில் எட்டு வாரம் அந்த ஏழு பாடங்களுக்கு. மீதி நாலு வாரம் மற்றவைக்கு. குழந்தை நலம், கண், காது-மூக்கு-தொண்டை தலா 15 கேள்விகள் என்பதால் அவற்றுக்கு அடுத்த இடம். மனநலம், தோல், மயக்கவியல் போல ஐந்து கேள்வி வரும் பாடங்களுக்கு ஆளுக்கு ஒரு நாள்தான். காலையில் படித்த பாடத்தில் அன்று மாலையே 50 கேள்விகள் போட்டுப் பார்த்தாள்.

அடுத்த 5 வாரம்: இரண்டாவது சுற்று. புத்தகம் கிடையாது. சொந்தக் குறிப்பும் தப்பு நோட்டும் மட்டும்.

கடைசி 3 வாரம்: வாரம் இரண்டு முழு மாதிரித் தேர்வு. காலையில் 150 கேள்வி, மதியம் 150 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் இரண்டரை மணி நேரம். நிஜத் தேர்வும் ஒரே நாளில் இப்படித்தான் நடக்கிறது. மதியம் சாப்பிட்டபின் மூளை எப்படி மந்தமாகிறது என்பது எழுதிப் பார்த்தால்தான் தெரியும்.

இலக்கு 150 அல்ல, 180 என்று வைத்தாள். தேர்வன்று பதற்றத்தில் கொஞ்சம் குறையும் அல்லவா?

தப்பு நோட்டு

இதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. சாதாரண நோட்டு, மூன்று பத்தி. 'தெரியாது', 'தெரியும், மறந்துட்டேன்', 'கேள்வியைச் சரியாப் படிக்கல'. தப்பான ஒவ்வொரு கேள்வியும் ஏதாவது ஒரு பத்தியில் போகும்.

முதல் பத்திக்கு மருந்து படிப்பது. இரண்டாவதற்கு, திரும்பத் திரும்பப் பார்ப்பது. மூன்றாவது பத்திக்கு எவ்வளவு படித்தாலும் பயனில்லை. 'இவற்றில் எது அல்ல?' என்பதில் அந்த 'அல்ல'வைக் கவனிக்கப் பழக வேண்டும். அக்காவுக்கு மூன்றாவது பத்திதான் சீக்கிரம் நிரம்பியது.

இன்னொன்று. இந்தத் தேர்வில் தப்பான பதிலுக்கு மார்க் குறைப்பது இல்லை. ஆனாலும் போன முறை அக்கா 12 கேள்விகளை நேரமில்லாமல் விட்டிருக்கிறாள். ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம்தான். தெரியாததில் மல்லுக்கட்டாமல் ஏதாவது ஒன்றைக் குறித்துவிட்டு நகருங்கள்.

ஃபிரிட்ஜில் ஒரு அட்டை

வெளிநாட்டில் படித்தவர்கள் தடுமாறுகிற இடம் சமூக மருத்துவம். நம் நாட்டு காசநோய் திட்டம், தடுப்பூசி அட்டவணை எல்லாம் அங்கே பார்த்திருக்க வாய்ப்பில்லை. அண்ணி தன் குழந்தைக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்த தடுப்பூசி அட்டையை நகலெடுத்து ஃபிரிட்ஜில் ஒட்டினார். பிறந்ததும் பி.சி.ஜி., 6, 10, 14-வது வாரங்களில் பென்டா, 9 மாதம் முடிந்ததும் தட்டம்மை-ரூபெல்லா. தண்ணீர் எடுக்கப் போகும்போதெல்லாம் கண்ணில் பட்டது. மனப்பாடம் செய்ய உட்காரவே இல்லை.

வீட்டில் இருப்பவர்களுக்கு

"எவ்வளவு முடிஞ்சுது?" என்று தினமும் கேட்பதைப் பெரியம்மா நிறுத்தினார். பெரியப்பா கடன் தவணை பற்றி அக்கா காதுபடப் பேசுவதை நிறுத்தினார். ஞாயிறு மாலை மட்டும் புத்தகத்துக்கு விடுமுறை. அக்கா சொன்னது, "நான் ஃபெயிலானதை விட, அப்பா என்னைப் பார்த்ததும் டி.வி சத்தத்தைக் குறைப்பாரே, அதுதான்டி தாங்கல."

நெக்ஸ்ட் என்ற புதுத் தேர்வு வருமே, பொறுத்துப் பார்க்கலாமே என்று சிலர் யோசிக்கிறார்கள். வேண்டாம். கையில் இருக்கும் தேர்வை எழுதுங்கள். படித்தது எங்கேயும் போகாது.

மூன்றாவது முறை அக்கா எடுத்தது 161. நினைத்த 180 வரவில்லை. ஆனாலும் இப்போது ஓர் அரசு மருத்துவமனையில் பயிற்சி மருத்துவர். போன வாரம் போன் செய்தபோது, "இரு, பிரசவ வார்டுல இருக்கேன், அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாள். இன்னும் கூப்பிடவில்லை. எனக்குக் கோபமே வரவில்லை.