கப்பல் சுற்றுலா: தள்ளுபடியைப் பார்க்காதீர்கள், மொத்தத்தைப் பாருங்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி, இணைய இணைப்பும் பெற்ற வீடுகளில், விடுமுறை நெருங்கும்போது ஒரு வேலை நிச்சயம் நம் தலையில் விழும். "எங்கேயாவது போகலாம், நெட்டில் பார்த்துச் சொல்லுங்கள்" என்பார்கள். சில ஆண்டுகளாக இந்தத் தேடலில் கப்பல் சுற்றுலாவும் சேர்ந்து கொண்டுள்ளது. 2022 ஜூன் மாதம் கார்டிலியா நிறுவனத்தின் எம்பிரஸ் கப்பல் சென்னையிலிருந்து விசாகப்பட்டினம், புதுச்சேரி எனப் பயணம் தொடங்கிய பின்னர், கப்பல் பயணம் நமக்கும் எட்டும் என்ற எண்ணம் பலருக்கு வந்துவிட்டது. சிங்கப்பூர் வரை விமானத்தில் சென்று, அங்கிருந்து பினாங்கு, புக்கெட் செல்லும் கப்பலில் ஏறும் குடும்பங்களும் உண்டு.

தேடத் தொடங்கியவுடன் திரை முழுவதும் சிவப்பு எழுத்துகள் வந்து நிற்கும். "50% தள்ளுபடி", "குழந்தைகள் இலவசம்", "இன்னும் மூன்று அறைகளே பாக்கி". பழைய விலையின் மேல் ஒரு கோடு, பக்கத்தில் புதிய விலை. இதைப் பார்த்து அவசரப்படாதீர்கள். கோடு போட்ட விலையில் எவரேனும் அந்த அறையை வாங்கினார்களா என்று உங்களுக்குத் தெரியாது. என் கருத்தில், கப்பல் கட்டணத்தில் உண்மையான தள்ளுபடியைக் காட்டுவது எந்த இணைய தளமும் அல்ல. உங்கள் கம்ப்யூட்டரில் உள்ள எக்ஸெல் ஒர்க்‌ஷீட்தான் அதைக் காட்டும்.

முதல் பக்க விலையில் இல்லாதவை

கப்பல் கட்டணம் பஸ் டிக்கெட் போன்றது அல்ல. விளம்பரத்தில் உள்ள விலை பெரும்பாலும் ஒரு நபருக்கானது. அதுவும், ஓர் அறையில் இருவர் தங்குவதாக வைத்துக் கொண்டு போட்ட விலை. ஒருவர் மட்டும் தனி அறை எடுத்தால், ஏறக்குறைய இருவருக்கான கட்டணத்தைக் கேட்கும் கப்பல்கள் பல. அதே அறையில் தங்கும் மூன்றாவது, நான்காவது நபருக்குக் கட்டணம் குறைவு. "குழந்தைகள் இலவசம்" என்ற அறிவிப்பு இங்கேதான் பிறக்கிறது.

ஆனால், இலவசம் என்பது அறைக் கட்டணம் மட்டுமே. துறைமுகக் கட்டணமும் வரியும் தலைக்கு இவ்வளவு என்று குழந்தைக்கும் சேர்த்தே வாங்கப்படும். அடுத்து, ஊழியர்களுக்கான சேவைக் கட்டணம். இது ஒரு நபருக்கு, ஓர் இரவுக்கு இவ்வளவு எனக் கணக்கிடப்பட்டு, பல கப்பல்களில் பயணம் முடியும்போது உங்கள் அறைக் கணக்கில் ஏறும். பல நிறுவனங்கள் இதைக் குழந்தைகளுக்கும் வாங்குகின்றன. வை-பை இணைப்பு, குளிர்பானங்கள், சில உணவகங்கள், கரையில் இறங்கிச் சுற்றிப் பார்க்கும் பயணம் ஆகியவை இதற்கும் மேலே.

ஒர்க்‌ஷீட் போடுங்கள்

எக்ஸெல் இல்லையென்றால் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் போதும். முதல் நெட்டு வரிசையில் செலவு இனங்களை எழுதுங்கள். பெரியவர் கட்டணம், குழந்தைகள் கட்டணம், துறைமுகக் கட்டணமும் வரியும், சேவைக் கட்டணம், விமான டிக்கெட், முதல் நாள் ஹோட்டல், வீசா, இன்சூரன்ஸ், கார்டு கட்டணம். அடுத்தடுத்த நெட்டு வரிசைகளில் ஒவ்வொரு கப்பலுக்கும் உரிய தொகையை நிரப்புங்கள். கீழே ஆட்டோசம் பட்டனை அழுத்தினால் மொத்தம் வந்துவிடும்.

ஒரு கணக்கைப் பாருங்கள். தொகைகள் விளக்கத்திற்காக நாமே எடுத்துக் கொண்டவை. கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள், 3 இரவுகள். முதல் கப்பலில் "குழந்தைகள் இலவசம்". பெரியவர் ஒருவருக்கு 24,000 ரூபாய் வீதம் 48,000. துறைமுகக் கட்டணமும் வரியும் தலைக்கு 7,000 வீதம் நால்வருக்கு 28,000. சேவைக் கட்டணம் தலைக்கு, இரவுக்கு 1,700 வீதம் 20,400. ஆக மொத்தம் 96,400 ரூபாய். இரண்டாவது கப்பலில் எந்தத் தள்ளுபடியும் இல்லை. பெரியவருக்கு 26,000 வீதம் 52,000. குழந்தைக்கு 8,000 வீதம் 16,000. வரி தலைக்கு 4,500 வீதம் 18,000. சேவைக் கட்டணம் கட்டணத்திலேயே அடக்கம். மொத்தம் 86,000 ரூபாய். தள்ளுபடியே இல்லாத கப்பல் 10,400 ரூபாய் குறைவு! முதல் கப்பல் கூட்டமான நாளில் புறப்படுவதால் விமான டிக்கெட் தலைக்கு 4,000 ரூபாய் கூடுதல் என்றால், வித்தியாசம் 26,400 ரூபாய் ஆகிவிடும்.

இந்தத் தொகைகளைப் பெற ஒரே வழி, ஒவ்வொரு தளத்திலும் பணம் செலுத்தும் பக்கம் வரை செல்வதுதான். பயம் வேண்டாம். கார்டு எண்ணைத் தராத வரை பணம் போகாது. அந்தப் பக்கம் வந்தவுடன் கண்ட்ரோல் கீயுடன் பி கீயை அழுத்தி, பிரிண்டருக்குப் பதிலாக பி.டி.எப். பைலாகச் சேமித்துக் கொள்ளுங்கள். நிபந்தனைகள் உள்ள பக்கத்தையும் இதே போலச் சேமியுங்கள். பின்னால் தகராறு வந்தால் இதுதான் உங்கள் சாட்சி.

எந்த நாட்டு நாணயத்தில் விலை காட்டப்படுகிறது என்பதையும் கவனியுங்கள். சிங்கப்பூர் டாலரா, அமெரிக்க டாலரா? நம் ஊர் கார்டில் டாலரில் செலுத்தினால், வங்கி தன் பங்குக்கு ஒரு சதவீதத்தைச் சேர்க்கும். இந்திய ஏஜண்ட் வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்பாக விற்றால் டி.சி.எஸ். பிடிப்பார். 2020 அக்டோபர் முதல் உள்ள இந்த வரியை, வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது சரிக்கட்டிக் கொள்ளலாம். இதன் விகிதம் அவ்வப்போது மாற்றப்படுவதால், பணம் கட்டும் நாளில் எவ்வளவு என்று கேட்டுக் கொள்ளுங்கள்.

எப்போது தேடுவது?

"கடைசி நேரத்தில் வாங்கினால் மலிவு" என்பார்கள். இது பாதி உண்மை. பெரிய நிறுவனங்கள் பலவற்றில், நீண்ட பயணங்களுக்கு முழுப் பணத்தையும் கட்டக் கடைசி நாள் புறப்பாட்டிற்கு 75 முதல் 90 நாட்கள் முன்பாக வரும். அப்போது பலர் ரத்து செய்வார்கள். அந்த அறைகள் குறைந்த விலையில் மறுபடி விற்பனைக்கு வரும். எந்த நேரமும் கிளம்பக் கூடிய இருவருக்கு இது லாபம். பள்ளிக் குழந்தைகள் உள்ள வீட்டுக்கு அல்ல. நால்வர் தங்கும் அறைகள் எண்ணிக்கையில் குறைவு, அவை முதலில் தீர்ந்துவிடும். உயிர்காக்கும் படகுகளில் உள்ள இடத்தைப் பொறுத்தும் கூடுதல் நபர்களை ஏற்றுவது நிறுத்தப்படும். கப்பலில் மிச்சம் பிடித்த பணத்தைக் கடைசி நேர விமான டிக்கெட் விழுங்கிவிடும்.

குடும்பத்திற்கு நல்ல வழி, முன்கூட்டியே பதிவு செய்து, அதன் பின்னும் விலையைக் கவனித்து வருவது. ரத்து செய்தால் முன்பணம் திரும்பக் கிடைக்கும் வகைக் கட்டணத்தைத் தேர்ந்தெடுங்கள். முழுப் பணம் கட்டும் முன்னர் விலை இறங்கினால், புதிய விலையைத் தரும்படி கேட்கலாம். பல நிறுவனங்கள் தருகின்றன. நீங்கள் கேட்க வேண்டும், அவ்வளவுதான். ஜனவரி முதல் மார்ச் வரை கப்பல் நிறுவனங்கள் சலுகைகளை அதிகம் அறிவிக்கும் காலம். சலுகை மெயில்களைப் பெறத் தனியாக ஒரு மெயில் முகவரி வைத்துக் கொண்டால், உங்கள் வழக்கமான இன்பாக்ஸ் நிரம்பாது.

சிங்கப்பூர் பள்ளிகளுக்கு ஜூன் மாதமும், நவம்பர் பிற்பகுதி முதல் டிசம்பர் வரையும் நீண்ட விடுமுறை. அங்கிருந்து கிளம்பும் கப்பல்களில் அப்போது கூட்டம் அதிகம். நம் கோடை விடுமுறை அதற்கு முன்பே தொடங்கிவிடுவதால், ஏப்ரல் கடைசி, மே முதல் பாதி நாட்களைத் தேடிப் பாருங்கள். வார இறுதியை விட வாரத்தின் நடுநாட்களில் செல்லும் பயணம் பொதுவாக மலிவு.

அறை எண்ணைக் கப்பல் நிறுவனமே பின்னர் முடிவு செய்யும் வகையில் வாங்கினால் விலை குறையும். ஓர் அறை எடுப்பவர்கள் தாராளமாக இதை வாங்கலாம். இரண்டு அறைகள் எடுத்தால், குழந்தைகள் ஒரு மாடியிலும் நீங்கள் வேறு மாடியிலும் இருக்க நேரிடலாம்.

இன்னும் ஒன்று. சிங்கப்பூரில் ஏறி, அங்கேயே திரும்பி வந்து இறங்கும்போது மறுபடியும் அந்நாட்டிற்குள் நுழைகிறீர்கள். பலமுறை நுழைய அனுமதிக்கும் வீசாவா என்று பாருங்கள். வீசா கிடைக்காவிட்டால், பணம் திரும்பாத மலிவுக் கட்டணம் முழு நஷ்டமாகிவிடும்.

நம்பக் கூடாதவை

பிரவுசரை இன்காக்னிடோ முறையில் திறந்தால் விலை குறையும் என்பதை நம்பி நேரத்தை வீணாக்க வேண்டாம். கப்பலில் எத்தனை அறைகள் மிச்சம் என்பதுதான் விலையை ஏற்றி இறக்குகிறது. தளத்தில் நாடு, நாணயம் ஆகியவற்றை மாற்றினால் விலை மாறுவது உண்டு. ஆனால், நீங்கள் வசிக்கும் நாட்டுக்கு உரிய கட்டணத்தில்தான் பதிவு செய்ய முடியும் எனப் பல நிறுவனங்கள் நிபந்தனை வைத்துள்ளன.

தேடல் முடிவுகளில் மேலே வருபவை பெரும்பாலும் காசு கொடுத்து வைத்த விளம்பரங்கள். கப்பல் நிறுவனத்தின் பெயரை ஓர் எழுத்து மாற்றி, அதே போன்ற தளத்தை எவரும் அமைக்கலாம். பூட்டுப் படம் இருந்தால் பாதுகாப்பு என்ற பழைய பாடமும் இப்போது போதாது. தகவல் ரகசியமாகப் போகிறது என்றுதான் அது சொல்லும், யாரிடம் போகிறது என்று சொல்லாது. இதனால்தான் 2023ல் குரோம் பிரவுசர் அந்தப் படத்தையே எடுத்துவிட்டது. அட்ரஸ் பாரில் முகவரியை எழுத்து எழுத்தாகப் படியுங்கள். தனிநபர் கணக்கிற்கு யு.பி.ஐ. மூலம் அனுப்பச் சொன்னால் அத்துடன் விலகுங்கள். ஏமாந்தது தெரிந்தால் உடனே 1930 எண்ணை அழைத்துப் புகார் செய்யுங்கள்.

உண்மையான நிறுவனமே மூடப்படுவதும் உண்டு. மும்பையிலிருந்து கப்பல் விட்ட ஜலேஷ் 2020ல் சேவையை நிறுத்தியது. ஸ்டார் குரூயிசஸ் கப்பல்களை நடத்தி வந்த கெண்டிங் ஹாங்காங் 2022ல் கடனில் மூழ்கியது. எனவே, ஓர் ஆண்டுக்குப் பின் செல்லும் பயணத்திற்கு இன்றே முழுப் பணத்தையும் கட்டச் சொல்லும் தள்ளுபடி வேண்டாம். கட்டியே ஆக வேண்டும் என்றால், கிரெடிட் கார்டில் கட்டுங்கள். சேவை கிடைக்காதபோது வங்கியிடம் பணத்தைத் திரும்பக் கேட்க அதில் வழி உண்டு.

சட்டமும் நாமும்

கலிபோர்னியாவில் 2024 ஜூலை 1 முதல், கட்டாயக் கட்டணங்களைச் சேர்த்த விலையையே விளம்பரத்தில் காட்ட வேண்டும் எனச் சட்டம் வந்தது. பெரிய கப்பல் நிறுவனங்கள் தங்கள் அமெரிக்கத் தளங்களில் முதல் பக்க விலையையே மாற்றின. மாற்ற முடியும் என்பதற்கு இது சான்று. நம் நாட்டிலும் 2023 நவம்பர் 30ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 13 வகை ஏமாற்று உத்திகளைத் தடை செய்துள்ளது. விலையைத் துளித் துளியாகக் கூட்டுவது, பொய்யான அவசரம் காட்டுவது, கேட்காத பொருளைக் கூடையில் சேர்ப்பது மூன்றும் அதில் உண்டு. இவற்றைக் கண்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ல் புகார் செய்யலாம்.

புகார்கள் வந்தால்தான் விதி வேலை செய்யும். அதுவரை உங்கள் கணக்கை நீங்களே போடுங்கள். ஓராண்டுச் சேமிப்பை ஒரு கிளிக்கில் செலவழிக்கும் முன், ஒர்க்‌ஷீட்டுக்கு ஒரு மாலை நேரத்தை ஒதுக்குவது பெரிய சிரமம் அல்ல. வீட்டில் உள்ளவர்களையும் திரைக்கு முன்னால் உட்கார வைத்துக் கொள்ளுங்கள். எந்தக் கப்பல் உண்மையில் மலிவு என்பதைக் கடைசிப் படுக்கை வரிசையில் உள்ள மொத்தத் தொகையே அவர்களுக்குச் சொல்லிவிடும்.