கடல் கடந்து வரும் மணவிலக்கு

அத்திபெலேயில் பேருந்து ஏறினால் சில நிமிடங்களில் மாநில எல்லை கடந்துவிடுகிறது. அப்பால் ஓசூர், தமிழகம். மொழி மாறுகிறது, ஊர்ப்பலகை மாறுகிறது. கணவன் மனைவி என்னும் உறவு மட்டும் மாறுவதில்லை. கடலைக் கடந்தால் அதுவும் மாறிவிடுமோ?

மாறிவிடும் என்று நம்பிய ஒருவர் நம்மைப் போன்ற மாணவரே. 1955-இல் ஜலந்தரில் மணம் புரிந்து, இரு குழந்தைகளுக்குத் தந்தையான அவர், 1959-இல் உயர்கல்விக்காக அமெரிக்கா சென்றார். யூட்டா மாநிலத்தில் ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் பெற்றார். 1964-இல் பக்கத்து நெவாடா மாநிலத்தில் மணவிலக்கும் பெற்றார்! ஆறு வாரம் தங்கியவர் அங்கே வழக்குத் தொடுக்கலாம். இந்தியாவில் இருந்த மனைவி அந்த நீதிமன்றத்தின் படியேறவே இல்லை. பின்னர் அவர் ஜீவனாம்சம் கேட்டபோது, அத்தீர்ப்பே கேடயமாக நீட்டப்பட்டது. உயர் நீதிமன்றம் அதை ஏற்றது. ஆனால் 'சத்யா எதிர் தேஜா சிங்' என்னும் அவ்வழக்கில், 1974-இல் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளியது. நெவாடாவில் நிலையாகக் குடியிருப்பதாகப் பொய் கூறிப் பெற்ற தீர்ப்பு இங்குச் செல்லாது என்றது.

1991-இல் மற்றொரு வழக்கு. திருப்பதியில் நடந்த திருமணத்தை மிசௌரி மாநில நீதிமன்றம் கலைத்திருந்தது. எந்தச் சட்டப்படி மணந்தனரோ, அச்சட்டம் ஏற்கும் நீதிமன்றமே, அச்சட்டம் ஏற்கும் காரணத்திற்காகவே மணத்தைக் கலைக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் வரையறுத்தது. விதிவிலக்கும் உண்டு. மறுதரப்பினர் தாமே முன்வந்து வழக்காடினாலோ, மணவிலக்குக்கு இசைந்தாலோ நிலைமை மாறக்கூடும்.

ஆகவே, அயல்நாட்டிலிருந்து அழைப்பாணை வந்தால் அஞ்சிக் கையெழுத்திடுவதும் தவறு. அலட்சியமாய்ப் பெட்டியில் பூட்டி வைப்பதும் தவறு. உடனே வழக்கறிஞரை நாடவேண்டும். அத்தீர்ப்பு தம்மைக் கட்டுப்படுத்தாது என்று அறிவிக்கும்படி இங்குள்ள நீதிமன்றத்தைக் கேட்கலாம். இந்து திருமணச் சட்டத்தில் 2003-இல் செய்த திருத்தத்தின்படி, மனைவி தாம் வாழும் ஊருக்குரிய நீதிமன்றத்திலேயே மனுச் செய்யலாம். பிழைப்புக்காக இங்கு வந்து குடியேறிய தமிழ்ப்பெண், கணவனின் ஊருக்கு அலைய வேண்டியதில்லை.

நிற்க. "ஒத்துவராத இருவரைக் கட்டிவைப்பது நியாயமா?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமன்று. மணவிலக்கை நான் எதிர்க்கவில்லை. மறுதரப்பைக் கேளாமல் பெறும் மணவிலக்கையே எதிர்க்கிறேன். ஆய்வுக்கூடத்துப் பழைய தராசுக்கும் இரு தட்டுகள் வேண்டியிருந்தன. அதில் ஒரு தட்டை மட்டும் வைத்து எடை சொல்பவனை நாம் விஞ்ஞானி என்போமா?

இங்கே செல்லாத தீர்ப்பு அங்கே செல்லும் என்பதே பெருங்கொடுமை. அவன் அங்கே புதுவாழ்வு வாழ, அவள் இங்கே படியேறிப் படியேறித் தேய்கிறாள். இந்தியாவில் நடந்த இத்தகைய திருமணங்களை அயல்நாட்டு நீதிமன்றங்கள் கலைக்க முடியாதபடி சட்டம் இயற்றலாம் என்று 1994-இலேயே உச்ச நீதிமன்றம் யோசனை கூறிற்று. அதைச் செயலாக்கக் கேட்பது நம் கடமை.

தோழர்களே! நம்மில் பலர் நாளை ஆராய்ச்சிக்காகக் கடல் கடப்போம். பட்டம் பெற்று வருவோம்; பழி பெற்று வரவேண்டாம். பிரிய நேர்ந்தாலும், முகம் பார்த்துப் பேசிப் பிரிவோம்!