கேழ்வரகு பிரட் ஏன் எழும்பவில்லை?

கேள்வி: எங்கள் மகளிர் குழு வீட்டு உபயோக பிரட் மெஷின் ஒன்று வாங்கியுள்ளது. எங்கள் காட்டில் விளைந்த கேழ்வரகை அரைத்துப் போட்டால் பிரட் செங்கல் மாதிரி வருகிறது. மெஷினில் கோளாறா? சித்திரைத் திருவிழாவுக்குள் கடன் வாங்கி இன்னும் இரண்டு மெஷின் வாங்கிக் கடை போடலாம் என்கிறார்கள். வாங்கலாமா?
- வாசகி, வீரபாண்டி

பதில்: சகோதரி, மெஷினில் கோளாறு இல்லை. கடனுக்கு இப்போது கையெழுத்துப் போடாதீர்கள்.

சப்பாத்தி மாவை இழுத்தால் ரப்பர் மாதிரி நீளும். கேழ்வரகு மாவை இழுத்தால் அறுந்துவிடும். கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதம்தான் இந்த வித்தியாசத்துக்குக் காரணம். தண்ணீர் விட்டுப் பிசையும்போது அது வலை மாதிரி பின்னிக்கொள்ளும். ஈஸ்ட் விடுகிற வாயுவை அந்த வலை பிடித்து வைப்பதால்தான் பிரட் எழும்புகிறது. கேழ்வரகு, கம்பு, சோளம் எதிலும் குளூட்டன் கிடையாது. இட்லியில் அந்த வேலையை உளுந்து பார்த்துக்கொள்கிறது. கேழ்வரகை நம் பாட்டிமார் களியாகக் கிண்டியதும், அடையாகத் தட்டியதும் விஷயம் தெரிந்துதான்.

மெஷினும் கோதுமை மாவை மனதில் வைத்துச் செய்யப்பட்டதே. ஜப்பானின் மட்சுஷிடா நிறுவனம் 1987-ல் இதை விற்பனைக்குக் கொண்டுவருவதற்கு முன், மாவு சரியாகப் பிசையாமல் திண்டாடியது. அங்கு பணிபுரிந்த இகுகோ தனாகா என்ற பெண், ஒசாகாவில் ஓர் ஓட்டல் பிரட் மாஸ்டரிடம் போய்க் கற்றுக்கொண்டார். மாஸ்டர் மாவை இழுத்து முறுக்குவதைக் கவனித்து வந்து சொன்ன பிறகுதான் வேலை நடந்தது. இழுபடாத மாவைப் போட்டால் மெஷின் என்ன செய்யும்? என் வீட்டிலும் மகள் வாங்கி அனுப்பிய மெஷின் உண்டு. முதல் நாள் முழுக்கக் கம்பு மாவில் செய்தேன். கோழிகள்கூட யோசித்துத்தான் கொத்தின.

ஐந்தில் ஒரு பங்கு கேழ்வரகு போடுங்கள். மைதா 400 கிராம், சலித்த கேழ்வரகு மாவு 100 கிராம், தண்ணீர் 300 மில்லி, உப்பு 8 கிராம், சர்க்கரை 15 கிராம், எண்ணெய் 20 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 5 கிராம். உங்கள் மெஷின் 500 கிராம் மாவு தாங்குமா என்று கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். டம்ளர் கணக்கு வேண்டாம், தராசில் நிறுங்கள். முதலில் தண்ணீர், மேலே மாவு, மாவின் நடுவில் குழி பறித்து ஈஸ்ட். பிசைய ஆரம்பித்த பத்தாவது நிமிடம் மூடியைத் திறந்து பாருங்கள். மாவு ஒரே உருண்டையாகச் சுழல வேண்டும். உதிர்ந்தால் ஒரு தேக்கரண்டி தண்ணீர், பாத்திரத்தில் அப்பினால் ஒரு தேக்கரண்டி மாவு. நம் சித்திரை வெயிலில் பானைத் தண்ணீரே போதும். வெந்நீர் ஊற்றினால் ஈஸ்ட் செத்துவிடும். மைதா பிடிக்காதவர்கள் கோதுமை மாவு போடலாம், உயரம் குறையும். கம்பு மாவு சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும், அவ்வப்போது அரைத்துக்கொள்ளுங்கள்.

இனி கடைக் கணக்கு. மெஷினிலேயே சுட்டால் வழக்கமான செட்டிங்கில் ஒரு பிரட்டுக்குச் சுமார் மூன்றரை மணி நேரம் ஆகும். காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை ஓட்டினாலும் மூன்றுதான். நடுவில் கரண்ட் போய்ச் சில நிமிடங்கள் தாண்டினால், பல மெஷின்கள் எந்த இடத்தில் நின்றோம் என்பதையே மறந்துவிடும். மூன்று மெஷின் வாங்கினாலும் நாளுக்கு ஒன்பது பிரட். திருவிழாக் கூட்டத்துக்கு அது எந்த மூலைக்கு? கடன் தவணையைக்கூட அது கட்டாது.

இருக்கிற மெஷினை மாவு பிசையவும் புளிக்க வைக்கவும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பட்டனில் ஒன்றரை மணி நேரம் போதும். மோட்டாருக்கு ஓய்வு கொடுத்தாலும் ஒரு நாளில் ஐந்து முறை பிசையலாம். மேலே சொன்ன அளவில் 60 கிராம் உருண்டைகள் 14 வரும். அரை மணி நேரம் மூடி வைத்து, அவனில் 190 டிகிரியில் இருபது நிமிடம் சுட்டால் பன் தயார். ஐந்து முறைக்கு எழுபது பன். முதலில் ஒரு வாரம் தெருவில் விற்றுப் பாருங்கள். மிச்சமாகிற எண்ணிக்கையை நோட்டில் எழுதுங்கள். விற்பனை கூடினால் வாங்க வேண்டியது பெரிய அவன். அதற்கு மானியக் கடன் கிடைக்குமா என்று தேனி மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள். சிறிய கடையானாலும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு கட்டாயம்.

ஒன்றைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். 'கேழ்வரகு பன்' என்று மட்டும் பலகை வைக்காதீர்கள். சர்க்கரை நோயாளிகள் முழுக்கக் கேழ்வரகு என்று நம்பி வாங்குவார்கள். 'மைதா 80, கேழ்வரகு 20 சதவீதம்' என்று எழுதுங்கள். பத்துப் பேர் திரும்பிப் போனாலும் பரவாயில்லை.

பன் நன்றாக ஆறிய பிறகே கவரில் போடுங்கள். சூட்டோடு கட்டினால் உள்ளே வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். இதுவரை செங்கல்லாக வந்தவற்றை மெல்லிசாக நறுக்கி, குறைந்த சூட்டில் காய விடுங்கள். டீயில் தொட்டுச் சாப்பிட ரஸ்க்காக ஆகும்.