கண்டி வீதியில் முந்துவோர்

கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் வரை நீளும் பெருவீதியை அரசாங்க ஏடுகள் ஏ-9 என்று குறிப்பினும், நம்மவர்க்கு அது என்றும் கண்டி வீதியே. போர்க்காலத்தில் அடைபட்டும், 2002 இல் திறக்கப்பட்டும், 2006 இல் மீண்டும் அடைபட்டும் கிடந்த அவ்வீதி, 2009 இல் போர் முடிந்தபின் படிப்படியாகத் திறக்கப்பட்டுப் புதுக்கப்பட்டது. குண்டும் குழியுமாய்க் கிடந்த நாளில் அதிற் செல்வோர் விரும்பினும் விரைய முடியாதிருந்தனர். இன்று அது கண்ணாடிபோற் கிடக்கின்றது. ஆயினும் அமைப்பில் அது பழைய வீதியே. போவார்க்கு ஒரு பாதி, வருவார்க்கு ஒரு பாதி. பெரும்பாலும் நடுவே வெள்ளைக் கோடொன்றன்றி வேறு காவல் இல்லை. இத்தகைய வீதியில் முன்செல்லும் வண்டியை முந்துபவன், எதிரே வருபவனுக்குரிய பாதியைச் சிறிது நேரம் தனதாக்கிக் கொள்கின்றான். அச்சிறிது நேரம் எத்துணையென்று எண்ணிப் பார்ப்பவர் அரியர்.

மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் பஸ் ஒன்றை மற்றொருவர் 80 கிலோமீற்றர் வேகத்தில் முந்துவதாகக் கொள்வோம். பின்னிருந்து விலகி, பஸ்ஸைக் கடந்து, மீண்டும் தம் பக்கத்தைச் சேர்வதற்கு, அந்தப் பஸ் ஓடும் தூரத்திலும் 40 மீற்றராவது அவர் கூடுதலாக ஓடவேண்டும். இதற்கு ஏழு விநாடிக்குச் சற்று மேலாகும். அதற்குள் அவர் 160 மீற்றர் ஓடியிருப்பார். எதிரே 70 கிலோமீற்றர் வேகத்தில் வருபவர் 140 மீற்றர் ஓடியிருப்பார். ஆகவே முந்தத் தொடங்கும்போது 300 மீற்றர் வீதி வெறுமையாக இருத்தல் வேண்டும். இது கணித ஆசிரியரை நாடவேண்டாத கணக்கு. அன்றியும் காருக்கும் பஸ்ஸுக்கும் ஊர்மனைக்குள் 50, வெளியே 70 என்பதே சட்டம் வகுத்த எல்லை; எனவே நாம் மேலே கொண்ட 80 கிலோமீற்றர் தானும் குற்றமே. இரவிலோ சூடாறாத தார் வீதியிற் படுத்திருக்கும் கட்டாக்காலி மாடுகளும், பின்விளக்கில்லாத உழவு இயந்திரங்களும் இக்கணக்கில் அடங்கா.

இவ்வளவும் அறிந்த சாரதியும் ஏன் முந்துகின்றான்? அவனுடைய குணக்கேடு என்று சொல்லி அமைதலே நம்மவர் வழக்கம். நாம் அதனை உடன்படோம். 1958 இல் அரசுடைமையாக்கப்பட்ட பஸ் சேவையில் 1979 இன் பின்னர்த் தனியார் மீண்டும் இடம்பெற்றனர். அதனை நாம் குறைகூறவில்லை. ஆனால் தனியார் பஸ் பலவற்றிற் சாரதியும் நடத்துநரும் பெறும் கூலி, அன்றைய வசூலைப் பொறுத்ததாயிருக்கின்றது. முன்னே செல்லும் பஸ் அடுத்த தரிப்பிடத்து ஆட்களை ஏற்றிவிட்டால் பின்னே வருபவனுடைய கூலி குறையும். அவன் முந்துவது வெறியினாலன்று, வயிற்றினால் என்க. 2005 ஏப்பிரலில் பொல்காவலைக்கு அண்மையில் யங்கல்மோதர என்னுமிடத்தில், வேறொரு பஸ்ஸுடன் போட்டியிட்டு வந்த பஸ் ஒன்று, புகையிரதம் வருமுன் கடவையைத் தாண்ட முயன்று மோதுண்டது. முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அன்று நாடே அழுதது. எனினும் வசூலுக்கேற்பக் கூலி கொடுக்கும் முறை ஒழிந்ததில்லை.

பிரயாணிகளாகிய நமக்கும் இதிற் பங்குண்டு. கொழும்பிலிருந்து ஐந்து மணித்தியாலத்தில் வந்து சேர்ந்தோம் என்று கலியாண வீட்டுப் பந்தலிற் பெருமை பேசுவோரைக் காண்கின்றோம். ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தூரத்தை ஐந்து மணித்தியாலத்திற் கடப்பதாயின், எங்கும் நில்லாமலும், ஊர்களினூடும் வேகத்தைக் குறையாமலும், சராசரி 80 கிலோமீற்றர் வேகத்தில் ஓடவேண்டும். சட்டத்தை மீறினோம் என்பதையே அவர்கள் வேறு சொற்களாற் கூறுகின்றனர். கேட்டிருப்போர் "கெட்டிக்காரச் சாரதி" என்று மெச்சுகின்றனர். இரவிரவாக வண்டி செலுத்தி, விடியற்காலையிற் கண்ணயரும் அவனைத் தேநீருக்கு நிறுத்தச் சொல்வாரும் இலர். முறிகண்டிப் பிள்ளையார் முன்னிலையில் மட்டும் எல்லா வண்டியும் நிற்கும். கற்பூரங் கொளுத்தி, தேங்காய் உடைத்து, கச்சானும் வாங்கிக்கொண்டு ஏறியபின், கோயிலில் இழந்த பத்து நிமிடத்தை மாங்குளத்துக்குள் ஈடுசெய்யப் பார்ப்பர். விநாயகர் விக்கினங்களை நீக்குவார். நாமே தேடிச் சென்று எதிர்ப்படும் லொறியையும் அவரே நீக்கவேண்டும் என்பது என்ன நியாயமோ! வழியிற் பொலிசார் நிற்பதை எதிரே வருவோர்க்கு விளக்கைச் சிமிட்டி அறிவிக்கும் பரோபகாரமும் நம்மவரிடையே நன்கு வளர்ந்துள்ளது.

இனி மாணவரைப் பற்றியும் ஒரு சொல். சாதாரண தரப் பரீட்சையிற் சித்தியெய்திய மகனுக்கு மோட்டார்ச் சைக்கிள் பரிசளிப்பது வெளிநாட்டு மாமன்மாருக்கு வழக்கமாகிவிட்டது. பரிசு பெற்றவன் சாரதி அனுமதிப்பத்திரம் பெறும் வயதை எட்டினானா என்று வினவுவோரைக் காணோம். தலைக்கவசம் கைபிடியிலே தொங்கும். தலைக்கு ஏறினும் நாடிப்பட்டி பூட்டப்படாது கிடக்கும். பூட்டப்படாத கவசம் வண்டி சரியும்போது தலைக்கு முன்னரே தரையிற் போய் விழும். வகுப்பில் வரவு இடாப்பைக் கூப்பிடும்போது ஒரு பெயரைத் தாண்டிச் செல்ல நேர்வதினுங் கொடிய வேலை ஆசிரியனுக்கு வேறில்லை.

நம் பழைய மாணவருட் பஸ் உரிமையாளர் உளர். லொறி உரிமையாளர் உளர். பொலிஸ் அதிகாரிகளும் சட்டத்தரணிகளும் உளர். விழாவுக்கு வாயில் வளைவும் வர்ணப்பூச்சும் செய்துதரும் அவர்களிடம் நாம் கேட்பது பணமன்று. பஸ் உடையார் தம் சாரதிக்கும் நடத்துநருக்கும் வசூலைப் பாராது மாதச் சம்பளம் கொடுக்க முன்வரவேண்டும். இலாபம் குறையுமே என்பர். எவ்வளவு குறையும், அதை எவ்வாறு பகிரலாம் என்பதை அவர்களே கூடியிருந்து கணக்கிடட்டும். தனியொருவர் செய்தால் அவர் நட்டப்படுவார். ஒரு வழித்தடத்தார் யாவரும் ஒருங்கே செய்தால் போட்டியின் வேர் அறும். விழாக் கொண்டாட்டங்கள் முடிந்த பின்னர், ஒரு சனிக்கிழமை மாலை, பழைய மாணவர் சங்கம் அவர்களை அழைக்குமாயின், கல்லூரிப் பிரார்த்தனை மண்டபத்தைத் திறந்து வைத்துக் கதிரைகளை அடுக்கித் தருவது எம் மாணவர் பொறுப்பு.