ஐஸ் நுழையும் வாசல்

"விட நினைச்சா விடலாம்தானே?" ஐஸ் பாவிக்கும் பிள்ளைகளைப் பற்றி ஊரில் பலரும் சொல்வது இதுதான். உடம்புக்குள் நடப்பது தெரிந்தால் இப்படிச் சொல்ல மாட்டோம்.

எங்கள் மூளையின் நரம்புக் கலங்கள் டோபமைனை வெளியே விடும்போது உற்சாகம் வருகிறது. வேலை முடிந்ததும் கலத்தின் மென்சவ்விலுள்ள ஒரு புரதம் அதைத் திரும்ப உள்ளே எடுக்கிறது. ஐஸ் எனும் மெத்தம்பெட்டமைனுக்கு டோபமைனை ஒத்த உருவம். அதனால் அந்தப் புரதம் இதையும் உள்ளே எடுத்துவிடுகிறது. உள்ளே போன ஐஸ், சேமித்து வைத்திருந்த டோபமைனைக் கலைத்து, அதே வாசலால் வெளியே கொட்ட வைக்கிறது.

நெடுநாள் பாவித்தவர்களில் இந்தப் புரதம் குறைந்துபோகிறது. ஒரு வருடமளவு விட்டிருந்தவர்களில் அது மீள்வதை 2001இல் அமெரிக்காவில் நோரா வொல்கோவ் குழுவினர் மூளைப் படங்களில் கண்டார்கள். ஞாபகசக்தி மட்டும் அந்தளவுக்குத் தேறவில்லை.

ஆகவே பொறுமையும் வேண்டும், பிந்தவும் கூடாது. ஒரு மாதத்தில் திருந்தவில்லை என்று பிள்ளையைக் கைவிடுவது அநியாயம். அடிப்பதையும், ஊருக்குப் பயந்து மறைப்பதையும் நிறுத்துவோம். அரச வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போவோம். ஒரு வருடமாவது பக்கத்தில் நிற்போம்.