பழைய மருந்தும் புதிய கத்தியும்

சென்ற பொங்கல் விழாவில் பலரும் தேடிய முகம் ஒன்று மேடையில் இல்லை. இருபது ஆண்டுகளாக நம் சங்க நாடகங்களில் கணீரென்று வசனம் பேசிய நண்பர் அவர். இன்று "தண்ணீர்" என்று கேட்பதற்கே சிரமப்படுகிறார். குடும்பத்தாரின் சம்மதத்தோடு, பெயரைச் சொல்லாமல் எழுதுகிறேன்.

ஒரு நாள் காலை ஆறு மணிக்கு அவருக்கு வாய் கோணியது. வலது கை எழவில்லை. பக்கவாதம் என்று வீட்டாருக்குப் புரிந்தது. ஆனால் ஊருக்குப் போன் போட்டார்கள், பெரியவர்களைக் கேட்டார்கள், எண்ணெய் தேய்த்தார்கள். உறவினர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த சீன மூலிகை மாத்திரையைக் கொடுத்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனது மறுநாள். ரத்தக்குழாயில் அடைப்பு, அதைக் கரைக்கும் ஊசிக்கான நேரம் கடந்துவிட்டது.

நம் கொல்கத்தாவில் சீன வைத்தியத்துக்குத் தனி மதிப்பு உண்டு. 1938-இல் டாக்டர் கோட்னிஸோடு சீனாவுக்குச் சென்ற மருத்துவக் குழுவில் இருந்த டாக்டர் பிஜய் குமார் பாசு, பின்னாளில் அக்குபங்சர் கற்று வந்து இங்கே பரப்பினார். அந்த மதிப்பைக் குறை சொல்வது என் நோக்கமல்ல. நான் டாக்டரும் அல்ல. டிப்ளமோ படித்து ரயில்வேயில் தண்டவாளப் பிரிவில் 36 ஆண்டுகள் உழைத்தவன். அங்கே கற்றது ஒன்றுதான். வெளியே பளபளக்கும் தண்டவாளத்தின் உள்ளே விரிசல் இருக்கலாம். ஆகவே அல்ட்ராசானிக் கருவி வைத்துப் பார்ப்போம். பழைய ரயிலுக்கும் அதே சோதனை, நேற்றுப் போட்ட வெல்டிங்குக்கும் அதே சோதனை.

சீனர்களே தங்கள் மருந்தை அப்படிச் சோதித்தார்கள். மூளையில் ரத்தம் கசியும் வகைப் பக்கவாதத்துக்குத் தரப்படும் மூலிகை மருந்து ஒன்றை, 26 ஆஸ்பத்திரிகளில் 1,648 நோயாளிகளிடம் ஆராய்ந்தார்கள். ஒரு பாதிப் பேருக்கு மருந்து, மறுபாதிக்குப் போலி மருந்து; யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. 90 நாள் கழித்துப் பார்த்தால் இரு தரப்புக்கும் வித்தியாசமில்லை. அந்த முடிவை 2024-இல் "லான்செட்" இதழில் வெளியிட்டார்கள். தங்கள் பாரம்பரிய மருந்து பலிக்கவில்லை என்று உலகறியச் சொன்ன நேர்மைக்குத் தலை வணங்க வேண்டும்.

பழைய மருந்தெல்லாம் வீண் என்று இதற்குப் பொருளல்ல. மலேரியாவுக்கு மருந்து தேடிய து யூயூ அம்மையார், நான்காம் நூற்றாண்டுச் சீன நூல் ஒன்றில் கிடைத்த குறிப்பைப் பின்பற்றி, 1971-இல் ஒரு மூலிகையைச் சூடாக்காமல் ஈதரில் சாறெடுத்தார். அதிலிருந்து பிறந்த ஆர்ட்டெமிசினின் இன்று உலகெங்கும் உயிர் காக்கிறது. அவருக்கு 2015-இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த மருந்தும் சோதனையில் தேறித்தான் வந்தது.

புதுமை மோகத்துக்கும் இதே பதில்தான். வயிற்றுக் கட்டி என்றால் உடனே "லேப்ராஸ்கோபியா, ரோபோவா?" என்று கேட்கிறோம். இரைப்பைப் புற்றுநோய்க்குச் சீனாவில் 14 ஆஸ்பத்திரிகளில் 1,056 பேரிடம் நடத்திய ஆய்வில், நோய் திரும்பாமல் மூன்று ஆண்டு கடந்தவர்கள், சிறு துளை அறுவையில் 76.5 சதவீதம், வயிற்றைத் திறந்து செய்ததில் 77.8 சதவீதம். கைதேர்ந்த சர்ஜன்கள் செய்தால் இரண்டும் ஏறக்குறைய சமம் என்று 2019-இல் தெரிந்தது. ஆனால் கர்ப்பப்பை வாயில் ஆரம்ப நிலைப் புற்றுநோய்க்கு 2018-இல் வெளியான ஆய்வு நேர்மாறானது. நோயின்றி நாலரை ஆண்டு கடந்தவர்கள், திறந்த அறுவையில் 96.5 சதவீதம், துளை அறுவையில் 86 சதவீதம். தழும்பு சிறியது, ஆபத்து பெரியது!

எங்கள் சம்பந்தியம்மாளுக்கு இந்த நோய் வந்தபோது, பிள்ளைகள் ரோபோதான் வேண்டும் என்றார்கள். சர்ஜன் பொறுமையாக விளக்கி, திறந்தே செய்தார். இன்று அந்த அம்மாள் பேரனைப் பள்ளிக்கு அழைத்துப் போகிறார். பழைய முறை என்று மறுத்திருந்தால்?

ஆகவே அன்பர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். வாய் கோணினாலோ, ஒரு பக்கக் கை விழுந்தாலோ, பேச்சுக் குழறினாலோ, முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். வாய்வழியாக எதுவும் கொடுக்காதீர்கள். விழுங்கும் சக்தி போயிருக்கலாம். அடைப்பா, கசிவா என்று ஸ்கேன் செய்தால்தான் தெரியும். அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரமே கெடு. சிலருக்கு அடைப்பைக் குழாய் வழியே எடுக்க 24 மணி நேரம் வரை வாய்ப்புண்டு. அதுவும் எல்லோருக்கும் அல்ல. ஊருக்குப் போன் போடுவதை ஆஸ்பத்திரி வாசலில் நின்று செய்யலாம்.

சொந்த ஊரை விட்டு வந்த நமக்கு அவசரத்தில் ஓடி வர அண்ணன் தம்பி பக்கத்தில் இல்லை. இரவிலும் ஸ்கேன் எடுத்து இந்த ஊசி போடும் ஆஸ்பத்திரி எது என்று இன்றே விசாரித்து, வீட்டுச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். நம் நண்பர் வீட்டில் அப்படி ஒரு சீட்டு இருந்திருந்தால், பொங்கல் மேடையில் அவர் குரலைக் கேட்டிருக்கலாம்.